மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா?

கேள்வி: என் மனைவிக்கு 28 வயது. பள்ளியில் படிக்கும்போது காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கி, ருமாட்டிக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறார்கள். 19 வயதில் பலூன் வைத்து இதய வால்வை விரித்தார்கள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, படுத்தால் இருமுகிறாள், சில நாள் படபடப்பு. எக்கோ எடுத்ததில் மைட்ரல் வால்வு திரும்பவும் சுருங்கிவிட்டது, கசிவும் அதிகம், வால்வை மாற்ற வேண்டும் என்கிறார்கள். “மெட்டலா, டிஷ்யூவா, வீட்டில் பேசிவிட்டு வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். முதலில் ஒரு குழந்தை பிறக்கட்டும், ஆபரேஷன் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அம்மா. மாமனார் ஒரே தடவையில் முடிகிற மெட்டல்தான் வேண்டும் என்கிறார். காப்பீட்டில் போனால் இந்திய வால்வுதான் வைப்பார்களாம். கடன் வாங்கியாவது வெளிநாட்டு வால்வு வாங்கிவிடலாமா? எது நல்லது, டாக்டர்? அவள் பழையபடி இருப்பாளா? — பெயர் வேண்டாம், செய்யாறு.

பதில்: உங்கள் அம்மா சொல்வதில் இருந்தே ஆரம்பிக்கிறேன். இதில் அவசரமானது அதுதான். இந்த வால்வோடு கர்ப்பம் வேண்டாம். ஆபரேஷன் முடிகிற வரைக்கும் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்தத் தடுப்பு முறை என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் கேட்டு ஹார்மோன் மாத்திரை வாங்க வேண்டாம், சில மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கூட்டும்.

காரணத்தை அம்மாவுக்கு இப்படிச் சொல்லுங்கள். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மைட்ரல் வால்வு நுரையீரலில் இருந்து வரும் ரத்தத்தை இடது கீழறைக்குள் விடுகிற வழி. அந்த வழி சுருங்கிக் கிடக்கும்போது கூடுதல் ரத்தம் வந்தால் எங்கே போகும்? நுரையீரலிலேயே தேங்கும். துடிப்பு வேகமானால் ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் ரத்தம் இறங்கக் கிடைக்கும் நேரமும் குறையும். இப்போதே படுத்தால் இருமுகிறார் என்றால் நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதன் மேல் ஏழாவது மாதத்தையும் பிரசவத்தையும், பிரசவத்துக்கு அடுத்த இரண்டு நாளையும் ஏற்றினால் தாங்காது. அந்த நிலையில் அவசரமாக வால்வு ஆபரேஷன் செய்ய நேர்ந்தால் குழந்தை தங்குவது கஷ்டம், தாய்க்கும் ஆபத்து. அம்மாவின் ஆசை நியாயமானதுதான், வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் அம்மா என்ன சொல்கிறார், மாமனார் என்ன சொல்கிறார் எல்லாம் இருக்கிறது. உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. தினம் மாத்திரை போடப்போவதும், ஊசி குத்திக்கொள்ளப்போவதும், வேண்டுமானால் இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்கக் கொடுக்கப்போவதும் அவர்தான். கீழே நான் எழுதுவதை அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

திரும்பவும் பலூன் போட முடியாதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். பலூன் ஒட்டிக்கிடக்கும் வால்வு இதழ்களைப் பிரிக்கும், அவ்வளவுதான். ஏற்கனவே அதிகமாகக் கசிகிற வால்வில் போட்டால் கசிவு இன்னும் மோசமாகும். 19 வயதில் போட்ட பலூன் வீணாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அது அவருக்கு ஒன்பது வருடம் வாங்கிக் கொடுத்திருக்கிறது. ருமாட்டிக் நோயில் பிரித்துவிட்ட வால்வு மெல்ல மெல்லத் திரும்பவும் ஒட்டிக்கொள்வது சகஜம். பலூன் வருவதற்கு முன்பு விலா இடுக்கு வழியாக உள்ளே போய் வால்வைப் பிரித்துவிடுவார்கள், வேலூர் சி.எம்.சி. அப்படிச் செய்த 3,724 பேரின் கதியை 1983-லேயே தொகுத்து வெளியிட்டது. நம் ஊர்ப் பக்கம் இந்த நோய் எவ்வளவு இருந்தது என்பதற்கு அந்த எண்ணே போதும்.

சொந்த வால்வையே பழுது பார்க்க முடியுமா என்று உங்கள் சர்ஜனிடம் அவசியம் கேளுங்கள். இதழ்கள் மெலிதாக, வளையும்படி இருந்தால் கைதேர்ந்தவர்கள் சரிசெய்வார்கள். சுண்ணாம்பு படிந்து, கீழே தாங்கும் கயிறு போன்ற இழைகளும் ஒன்றாக ஒட்டிக் குறுகியிருந்தால் வீம்புக்குப் பழுது பார்த்துப் பயனில்லை. சில நேரம் இதயத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் முடிவு செய்ய முடியும். அதனால் “முடிந்தால் ரிப்பேர், முடியாவிட்டால் இந்த வால்வு” என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, வால்வுக்கு வருவோம். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் பதில் கிடையாது. இரண்டுமே ஒரு நோயை எடுத்துவிட்டு, அதைவிடச் சின்னதாக வேறொரு தொல்லையைக் கொடுக்கின்றன. எந்தத் தொல்லையோடு உங்கள் மனைவியால் காலம் தள்ள முடியும் என்பதுதான் கேள்வி.

மெட்டல் வால்வு தேயாது. ஆனால் அதன் மேல் ரத்தம் உறையும். அதைத் தடுக்க வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை போட வேண்டும். ரத்தம் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை சொல்லும். மாத்திரை போடாத நமக்கு அது 1 என்ற அளவில் இருக்கும், மைட்ரல் மெட்டல் வால்வு வைத்தவருக்கு 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி சேரும், அது பிய்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். கூடினால் ரத்தக்கசிவு.

எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. வீட்டில் அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஒரு நோட்டு. அதில் தேதி, ஐ.என்.ஆர்., எத்தனை மில்லிகிராம். ஒரு நாள் 2, மறுநாள் 3 என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கும். அரை மாத்திரையை உடைத்து மீதியைப் பேப்பரில் மடித்து வைப்பார்கள். ராத்திரி ஒரே நேரத்தில் போட வேண்டும். அசிட்ரோம் உடம்பில் சீக்கிரம் தீர்ந்துவிடும் மருந்து. திருவிழா, கல்யாணம் என்று இரண்டு நாள் விட்டுப்போனால் அளவு சட்டென்று இறங்கிவிடும். ஆரம்பத்தில் அடிக்கடி, பிறகு நிலையானதும் மாதம் ஒரு தடவையாவது ரத்தம் கொடுக்க வேண்டும். செய்யாறில் நம்பகமான லேப் இருக்கிறதா, முடிவைப் பார்த்து அளவை மாற்றச் சொல்லும் மருத்துவர் போனில் கிடைப்பாரா என்பதையெல்லாம் இப்போதே விசாரித்து வையுங்கள்.

மாத்திரையைச் சுற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். கீரையே தொடக்கூடாது என்பது அதில் ஒன்று. முருங்கைக்கீரையில் இருக்கும் வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைக்கும், உண்மை. அதற்காகக் கீரையை ஒழிக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் சாப்பிடுகிறவர் எப்போதும் இரண்டு நாள் சாப்பிடட்டும், அதற்குத் தகுந்தபடி மாத்திரை அளவு அமையும். ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த மாதம் சுத்தமாக இல்லை என்பதுதான் சிக்கல். உடம்புவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரைகள் கூடாது. நாட்டு மருந்து எதுவானாலும் கேட்காமல் வேண்டாம். இன்னொன்றைப் பெண்கள் சொல்லத் தயங்குவார்கள், ஆண் டாக்டர்கள் கேட்க மறந்துவிடுவார்கள்: மாதவிலக்கு நாட்களில் உதிரப்போக்கு அதிகமாகலாம். அதற்கு வழி இருக்கிறது, சொன்னால்தான் செய்ய முடியும். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையைத் தானே நிறுத்துவதுதான் ஆபத்து.

டெஸ்ட்டே வேண்டாத புது மாத்திரை வந்திருக்கிறதாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அவை வேறு நோய்களுக்கு. மெட்டல் வால்வு வைத்தவர்களுக்கு அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். உறைகட்டியும் கூடியது, ரத்தக்கசிவும் கூடியது. மெட்டல் வால்வு என்றால் பழைய மாத்திரைதான்.

டிஷ்யூ வால்வு மாட்டின் இதய உறையில் இருந்தோ பன்றியின் வால்வில் இருந்தோ செய்கிறார்கள். பதப்படுத்தியதில் உயிருள்ள அணு எதுவும் மிஞ்சியிருக்காது. மனம் ஒப்பவில்லை என்றால் எதில் செய்தது என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம், அதில் கூச்சம் வேண்டாம். முதல் மூன்று மாதம், சில இடங்களில் ஆறு மாதம் அசிட்ரோம் கொடுப்பார்கள். அப்புறம் இதயத் துடிப்பு சீராக இருந்தால் அது தேவையில்லை. இதன் தொல்லை தேய்மானம். வயதானவர்களுக்கு நீண்ட நாள் தாங்கும். இளவயதில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். பொதுவாகப் பத்து முதல் பதினைந்து வருடம் என்று சொல்வோம், 28 வயதில் அதற்கு முன்பே தேய்ந்துபோவதும் உண்டு. அதாவது நாற்பதை ஒட்டி இன்னொரு ஆபரேஷன் அநேகமாக நிச்சயம். இரண்டாவது தடவை திறக்கும்போது இதயம் நெஞ்செலும்போடு ஒட்டியிருக்கும், வேலை கடினம், ஆபத்தும் முதல் தடவையைவிடக் கூடுதல். தேய்ந்த டிஷ்யூ வால்வுக்குள் தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வைப் பொருத்தும் முறை வந்துவிட்டது. இப்போதைக்குச் செலவு மிக அதிகம்.

குழந்தைதான் உங்கள் வீட்டில் பெரிய கேள்வி என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். அசிட்ரோம் போன்ற மாத்திரைகள் ஆறாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது வாரம் வரை கருவின் மூக்கு, எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கலாம். அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும். அசிட்ரோம் ஒரு நாளைக்கு 2 மில்லிகிராமுக்குள் போதும் என்றால் ஆபத்து குறைவு. அந்த வாரங்களில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றலாம். கடைசி மாதத்தில் பிரசவத்துக்கு முன்பும் மாற்றியாக வேண்டும். மாத்திரையின் பிடியில் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டால் குழந்தையின் மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம் என்று சிசேரியன் செய்ய நேரும். ஊசிக்கு மாறும் அந்த நாட்கள்தான் மெட்டல் வால்வில் கட்டி சேர ஏற்ற நாட்கள். பல நாடுகளின் இதய நோயுள்ள கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து 2015-ல் வெளிவந்த ஆய்வில், பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் உயிரோடு குழந்தை பெற்றவர்கள் மெட்டல் வால்வு உள்ளவர்களில் 100-க்கு 58 பேர். டிஷ்யூ வால்வு உள்ளவர்களில் 79 பேர். மெட்டல் வால்வோடு குழந்தை பெற்று நலமாக இருக்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒன்பது மாதமும் பெரிய மருத்துவமனையின் கண்பார்வையிலேயே இருக்க வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், ஒரு நிபந்தனையோடு சொல்வேன். “சில நாள் படபடப்பு” என்று எழுதியிருக்கிறீர்கள். இ.சி.ஜி.யில் துடிப்பு சீராக இருக்கிறதா, அல்லது மேலறை தாறுமாறாகத் துடிக்க ஆரம்பித்துவிட்டதா? இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். தாறுமாறாகிவிட்டது என்றால் டிஷ்யூ வால்வு வைத்தாலும் ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை தொடரும். மாத்திரையும் போட வேண்டும், பத்து வருடத்தில் திரும்பவும் திறக்க வேண்டும் என்றால் டிஷ்யூவின் லாபம் பெரும்பகுதி போய்விடும். அப்போது உங்கள் மாமனார் சொல்வது சரியாகிவிடும். துடிப்பு சீராக இருந்து, உங்கள் மனைவியும் சீக்கிரமே ஒரு குழந்தை வேண்டும் என்று நினைத்தால் நான் டிஷ்யூ பக்கம் சாய்வேன். இரண்டாவது ஆபரேஷன் வரும் என்பதைத் தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு அது. “நல்லா இருந்தா வராதாமே” என்று மனதைத் தேற்றிக்கொண்டு எடுக்கக் கூடாது. குழந்தையைத் தத்தெடுக்கலாம், இன்னொரு முறை நெஞ்சைத் திறக்க முடியாது என்று அவர் சொன்னால் அதுவும் சரியான முடிவே. அப்போது மெட்டல்.

டிஷ்யூ வைத்தால் உடனே கர்ப்பம் என்று அவசரப்பட வேண்டாம். குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம் போகட்டும். நுரையீரல் அழுத்தம் இறங்கியிருக்கிறதா என்று எக்கோவில் பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம்.

இந்திய வால்வு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மெட்டல் வால்வில் நீங்கள் கேள்விப்பட்டது அநேகமாகச் சித்ரா வால்வாக இருக்கும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாக்கியது. முதல் மூன்று வடிவங்களும் தேறவில்லை; நான்காவது வடிவம்தான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதன் பிறகு ஒரு லட்சத்துக்கும் மேல் பொருத்தியாகிவிட்டது. சட்டம் கோபால்ட்-குரோமியக் கலவை, உள்ளே சாய்ந்து திறக்கும் வட்டு கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக். அதனால் சத்தம்கூடக் குறைவு. வெளிநாட்டு வால்வுகளில் இரண்டு அரைவட்ட இதழ்கள் இருக்கும், அமைப்பு வேறு. ஐ.என்.ஆரைச் சரியாக வைத்திருப்பவர் எந்த மெட்டல் வால்விலும் நன்றாக இருப்பார், வைக்காதவருக்கு விலை உயர்ந்த வால்விலும் கட்டி சேரும். மெட்டல் என்று முடிவானால் வால்வின் பெயருக்காக நகையை அடகு வைக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வால்வு மாற்றும் ஆபரேஷன் இருக்கிறது, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை. நீங்கள் விரும்பும் வகை அதற்குள் வருமா, கையில் இருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆபரேஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, ரத்தத்தை இதய-நுரையீரல் இயந்திரத்துக்கு மாற்றி, இதயத்தை நிறுத்திவிட்டு வேலை செய்வோம். பழைய வால்வை எடுத்த பிறகு அளவுக் கருவியை ஒவ்வொன்றாக உள்ளே வைத்துப் பார்ப்போம். நம் பெண்களுக்குப் பெரும்பாலும் 25 அல்லது 27 மில்லிமீட்டர் சரியாக இருக்கும். சுற்றிலும் தையல் போட்டு வால்வை இறக்குவோம். இரண்டு மூன்று நாள் ஐ.சி.யு., எல்லாம் சரியாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் வீடு. எலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். மூன்று மாதம் தண்ணீர்க் குடம் தூக்குவது, வண்டி ஓட்டுவது வேண்டாம். உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று சர்ஜனைக் கேட்கத் தயங்காதீர்கள். “உங்கள் ஆஸ்பத்திரியில் நூறு பேருக்குச் செய்தால் எத்தனை பேர் வீடு திரும்புவதில்லை?” என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கிறவரிடம் ஆபரேஷன் செய்துகொள்ள நான் என் வீட்டாரை அனுப்ப மாட்டேன். ஒன்று நிச்சயம்: மூச்சுவிட முடியாமல் அவசரமாக வந்து செய்வதைவிட, நடந்து வந்து அட்மிட் ஆகிச் செய்துகொள்கிறவர்களின் கதி எவ்வளவோ மேல்.

பழையபடி இருப்பாரா என்றால், இந்த ஆறு மாதத்தைவிட நன்றாக இருப்பார். படி ஏறுவார், வீட்டு வேலை, ஆபீஸ் வேலை பார்ப்பார். மெட்டல் வைத்தால் ராத்திரி அமைதியில் ‘டிக் டிக்’ என்று உங்களுக்கும் கேட்கலாம். கொஞ்ச நாளில் பழகிவிடும். அந்தச் சத்தம் திடீரென்று மங்கினாலோ நின்றாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கிளம்புங்கள். வால்வில் கட்டி சிக்கியிருக்கலாம். நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள், கடைசி ஐ.என்.ஆர். என்ன என்பதுதான் அங்கே கேட்கும் முதல் கேள்வி.

பென்சிலின் ஊசியைக் கடிதத்தில் நீங்கள் குறிப்பிடவே இல்லை. 21 நாளைக்கு ஒரு தடவை போட்டுக்கொண்டிருந்தாரா, எப்போது விட்டார்? வால்வை மாற்றிவிட்டால் ஊசி தேவையில்லை என்று பலரும் நிறுத்திவிடுகிறார்கள். ருமாட்டிக் காய்ச்சல் திரும்ப வந்தால் மற்ற வால்வுகளும் இதயத் தசையும் அடிவாங்கும். ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர வேண்டும், குறைந்தது 40 வயது வரை. அசிட்ரோம் போடுகிறவர்களுக்கு இடுப்பில் ஊசி போட்டால் உள்ளே ரத்தம் கட்டலாம், ஐ.என்.ஆர். பார்த்துவிட்டுப் போட்டு, நன்றாக அழுத்திப் பிடிப்பார்கள், அல்லது தினமும் இருவேளை பென்சிலின் மாத்திரைக்கு மாற்றுவார்கள். எதுவானாலும் மருத்துவர் சொல்லி மாற்றட்டும்.

கடைசியாகப் பல். இந்த வாரமே ஒரு பல் மருத்துவரைப் பாருங்கள். சொத்தைப் பல்லில் இருந்து கிளம்பும் கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்தால் அதைக் கிளப்புவது பெரும்பாடு. பிடுங்க வேண்டியதைப் பிடுங்கி, அடைக்க வேண்டியதை அடைத்துவிட்டு ஆபரேஷனுக்குப் போங்கள். பிற்பாடு எப்போது பல் பிடுங்கினாலும் ஒரு மணி நேரம் முன்பு ஆன்டிபயாடிக் போட வேண்டும். வழக்கமாகப் பென்சிலின் எடுப்பவர் என்பதால் வேறு வகை மருந்தாக இருப்பது நல்லது என்று பல் மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள்.